தோழனுக்கும் ஒரு முதுகு

ஹெக்டர் வாயில் வராத சொல் ஒன்று உண்டென்றால் அது 'முடியாது'. முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் கப்பல் சாமான் எண்ணும் கிளார்க்காக இருந்தவர். மேலிடத்தில் யார் எதைச் சொன்னாலும் "சரி சேர்" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவர். மனுசன் பென்ஷன் எடுத்தார், அவர் நாக்கு எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் சரி. பெருநாளுக்குக் கொடி கட்ட ஏணியில் ஏறச் சொன்னால் சரி. "உங்களுக்குச் சரி சொல்ல ஆண்டவர் வாயைக் குடுத்தார், இல்லன்னு சொல்ல என்னைக் குடுத்தார்" என்று அவர் மனைவி மாக்ரெட் சொல்வாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டு வருவதில்லை.

குதிரை வந்ததும் அப்படித்தான். நுவரெலியா ரேஸில் நாலு வருடம் ஓடி, நாலு வருடமும் மற்றக் குதிரைகளின் வாலை மட்டுமே பார்த்த ஒரு வெள்ளைக் குதிரை. பெயர் ஜூபிலி. அதன் சொந்தக்காரர் ஹெக்டருக்குத் துறைமுகத்தில் பழக்கமானவர். "நீ எடுத்துக்கொள்றியா ஹெக்டர்?" என்று அவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். ஹெக்டர் சரி என்றார். அடுத்த கிழமை லொறியில் குதிரை கொட்டாஞ்சேனையில் வந்து இறங்கியது. மாக்ரெட் வாசலில் நின்று குதிரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள்.

கொச்சிக்கடைக்குப் பின்னால் ஒரு பழைய வெங்காயக் கிட்டங்கி சும்மா கிடந்தது. அதில் ஜூபிலி குடியேறியது. ரேஸுக்கு உதவாத குணமெல்லாம் கலியாணத்துக்கு உதவியது. அவசரமில்லை, கோபமில்லை, வெடி போட்டாலும் கண்ணைக்கூடச் சிமிட்டாது. வெள்ளவத்தையில் கனடாக்காரரும் லண்டன்காரரும் வந்திறங்கிக் கலியாணம் செய்கிற காலம். மாப்பிள்ளை குதிரையில் வந்தால்தான் வீடியோ எடுபடும் என்று எவனோ கிளப்பிவிட்டான். அவன் நல்லாயிருக்கட்டும். ஜூபிலிக்கு முகப்பட்டம் கட்டி, வாலைப் பின்னி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது ஹெக்டர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அந்தக் குதிரைமேல் அவருக்கு உயிர். பெற்ற பிள்ளைகள் இருவரும் மெல்பேர்னில். வாரம் ஒருமுறை போனில் முகம் காட்டுவார்கள். ஜூபிலி தினமும் காட்டியது.

அப்படிப்பட்ட குதிரையின் முதுகைத்தான் போன தை மாதம் அவரே கெடுத்தார்.

யாழ்ப்பாணத்து ஆட்களின் கலியாணத்தில் மாப்பிள்ளை தனியாக வரமாட்டார். பக்கத்தில் தோழன் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை என்றால் தோழனுக்கும் தலைப்பாகை, கார் என்றால் இருவருக்கும் ஒரே சீட். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரான ஹெக்டருக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். சர்ச்சில் நடக்கிற வேதக் கலியாணத்தில் பெஸ்ட்மன் மோதிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தன்பாட்டில் நிற்பான். வாகனத்தில் பங்கு கேட்கமாட்டான். தை மாதக் கலியாணத்தில் மாப்பிள்ளை டொரோண்டோ. தோழன் அவருடைய அக்கா புருஷன், அவரும் டொரோண்டோ. இருவரும் அந்த ஊர்ச் சாப்பாட்டில் குறை வைக்காதவர்கள்.

"தோழனை நடத்திக் கூட்டிக்கொண்டு போனா சனம் என்ன சொல்லும்? ரெண்டு பேரையும் ஏத்துங்கோ" என்றார் ஒரு பெரியவர்.

ஹெக்டர் என்ன சொன்னார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

சேணம் ஒருவருக்கானது. மாப்பிள்ளை அதில் உட்கார்ந்தார். தோழன் சேணத்துக்குப் பின்னால், எலும்புக்குத் தாங்கல் இல்லாத இடுப்பில், மூட்டை இறக்கினமாதிரி உட்கார்ந்தார். மேளம் முன்னால் கொட்ட, பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஒரு முறை போனார்கள். டிரோன் கமரா சரியாகப் பிடிக்கவில்லை என்று வீடியோக்காரன் சொன்னதால் திரும்பவும் ஒரு முறை போனார்கள். ஜூபிலி உதறவில்லை, உதைக்கவில்லை. பாதி வழியில் ஒரே ஒரு தடவை கழுத்தைத் திருப்பி ஹெக்டரைப் பார்த்தது. ஹெக்டர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

மறுநாள் காலையில் வாளித் தண்ணீருக்குத் தலையைக் குனிய அதனால் முடியவில்லை. பிரஷ்ஷை முதுகில் வைத்ததும் தோல் முழுக்க நடுங்கியது. ஹெக்டர் வாளியைத் தூக்கி அதன் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, கிட்டங்கியில் தனியாக நின்று அழுதார்.

மிருக டொக்டர் அகீலா வந்தாள். முப்பது வயதுப் பிள்ளை, மருதானைக்காரி, கையைவிட வாய் வேகம். குதிரையின் முதுகெலும்போடு விரலை ஓட்டிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் ஜூபிலி முன்காலை மடித்துக் கீழே போகப் பார்த்தது.

"இதுல யாரு ஏறின? யானையா?"

"மாப்பிள்ளை... பொறகு தோழன்."

"ரெண்டு பேரா?" அகீலா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு முதுகு இரிக்கா அங்கிள்?"

ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, ஓய்வு. பிறகு கடிவாளத்தில் பிடித்து நடத்தல். பிறகு ஏற்றத்தில் நடத்தல், தரையில் கிடக்கும் கம்பங்களைத் தாண்டி நடத்தல். தினமும் கரட் பயிற்சி: கரட்டை விலாப் பக்கம் காட்டிக் கழுத்தைத் திருப்ப வைக்க வேண்டும், முன்கால்களுக்கு நடுவே காட்டிக் குனிய வைக்க வேண்டும், அப்போதுதான் முதுகுத் தசை மறுபடி பிடிக்கும். கடைசியில்தான் சேணம், கடைசிக்கும் கடைசியில்தான் ஆள். "அதுவும் ஒரே ஒரு ஆள். எம்பது கிலோவுக்கு மேல போனா என்னைக் கூப்பிட வாணாம், குழி வெட்டுறவனக் கூப்பிடுங்க" என்றாள் அகீலா.

மாக்ரெட்டும் ஒரு கெடு வைத்தாள். நீர்கொழும்புப் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டல்காரர் ஜூபிலியைக் கேட்டிருந்தார். "ஆவணிக்குள்ள அது வேலைக்குப் போகலன்னா ஹோட்டலுக்குக் குடுத்துருவம். நிண்டு நிண்டே அது கிழவனாகுறதப் பாத்து நீங்களும் அழுறத என்னால பாக்க ஏலாது." அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் அந்தக் கடற்கரை எப்படிப்பட்டது என்று ஹெக்டருக்குத் தெரியும். வெயிலில் நிற்க வேண்டும், ஒருவர் இறங்க இன்னொருவர் ஏறுவார், செல்ஃபி எடுப்பார். இரண்டு மாதத்தில் அந்த முதுகு முடிந்துவிடும். அதற்கும் அவர் சரி என்றுதான் சொன்னார்.

சித்திரையில் நடை தொடங்கியது. விடிந்ததும் ஜூபிலியைக் கூட்டிக்கொண்டு கிட்டங்கியிலிருந்து கிளம்பிக் கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் மெல்ல மெல்ல ஏறுவார். மீன்காரர் வழிவிட்டார்கள், பஸ்காரர் விடவில்லை. ஒரு பொலிஸ்காரர் மறித்து, குதிரைக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். ஹெக்டர் "சரி சேர்" என்றார். பொலிஸ்காரர் குழம்பிப்போய் விட்டுவிட்டார். கிட்டங்கி இருந்த குறுகிய ஒழுங்கையில் பி.வி.சி. பைப்புகளை வரிசையாகப் போட்டுக் குதிரையைத் தாண்ட வைத்தார். ஓட்டோக்காரர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டினார்கள், பிறகு பழகிப்போய், "அங்கிள், இன்னைக்கு ரெண்டாவது பைப்புல கால் முட்டிருச்சு" என்று தாங்களே மார்க் போடத் தொடங்கினார்கள்.

ஆனியில் முதுகு தேறிவிட்டது. அகீலா அழுத்திப் பார்த்தாள், நடுக்கம் இல்லை. சேணம் போட்டார்கள், நின்றது. அகீலாவே ஏறி உட்கார்ந்தாள், நடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஜிந்துப்பிட்டிப் பக்கமிருந்து முருகன் கோயில் மேளம் கேட்டது. அவ்வளவுதான். ஜூபிலி காதைப் பின்னால் மடித்தது, முதுகைக் குழித்தது, உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கியது. அகீலா குதித்து இறங்கினாள்.

"முதுகுல ஒண்டும் இல்ல அங்கிள். இது ஞாபகம். மேளம் கேட்டா நோவு வருமெண்டு அதுக்குள்ள பதிஞ்சி இரிக்கி."

சனியன் பிடித்த மேளம்! மேளம் இல்லாமல் எந்த யாழ்ப்பாணத்தான் கலியாணம் கட்டப்போகிறான்? ஹெக்டர் அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் மாக்ரெட்டின் போனில் நாதஸ்வரம் தவில் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனார். முதலில் மெல்லிய சத்தம், கூடவே ஒரு கரட். கொஞ்சம் கூட்டி வைத்து இன்னொரு கரட். காலையும் மாலையும் இதே வேலை. ஒரு மாதத்துக்கு அந்த ஒழுங்கையில் விடியற்காலையில் கெட்டிமேளம் கொட்டியது. யாருக்குக் கலியாணம் என்று விசாரித்து ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டு டோரினுக்கு நாற்பத்தாறு வயதில் வரன் அமைந்துவிட்டதாக ஒரு கதை கோயில்வரை போய்விட்டது. ஃபாதரே அவளைக் கூப்பிட்டு வாழ்த்தினார். டோரின் ஹெக்டரோடு இன்றுவரை கதைப்பதில்லை.

ஆடி முடியும்போது ஜூபிலி தவில் சத்தம் கேட்டாலே உதட்டை நீட்டிக் கரட் தேடியது. குதிரை தயார். அந்த நேரத்தில்தான் வெள்ளவத்தையிலிருந்து நமசிவாயம் போன் பண்ணினார். பாங்கில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் அபிஷனுக்கு ஆவணியில் கலியாணம்.

"மகன்ட நிறை எவ்வளவு ஐயா?" என்று ஹெக்டர் கேட்டார். மாக்ரெட் பக்கத்தில் நின்று கேட்க வைத்தாள்.

"நிறையோ? சாதகம் கேட்டாலும் பரவாயில்லை, ஏன் நிறை?" என்றவர் யாரிடமோ விசாரித்துவிட்டு, "எழுபத்தொண்டாம்" என்றார். "தோழனும் வருவார், தெரியுந்தானே? என்ர மருமகன்."

மாக்ரெட் விரல்களால் கத்தரிக்கோல் வெட்டுவதுபோல் காட்டினாள். சொல்லுங்க, முடியாதென்று சொல்லுங்க. ஹெக்டர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். "சரி ஐயா... பாப்பம்" என்றார்.

மாக்ரெட் போனைப் பிடுங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்த முறை நான் சொல்லமாட்டன். கலியாணத்துக்கும் வரமாட்டன். அந்தக் குதிரை உங்கட. நீங்கதான் சொல்லணும். நாலு வேர்டா, அஞ்சு வேர்டா? ஒரே ஒரு சொல்லு." ஒரு கிழமையாக ஹெக்டர் கிட்டங்கியில் குதிரைக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகினார். முடியாது ஐயா. மன்னிக்கணும், முடியாது. ஜூபிலி கேட்டுக்கொண்டே வைக்கோல் சாப்பிட்டது.

கலியாணத்தன்று பிள்ளையார் கோயில் வாசலில் நல்ல சனம். அபிஷன் சேணத்தில் ஏறி உட்கார்ந்தான். மேளம் தொடங்கியது. ஜூபிலி உதட்டை நீட்டியது, ஹெக்டர் ஒரு கரட் கொடுத்தார், முதுகு அசையவில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. ஆறு மாதப் பாடு இந்த ஒரு நிமிடத்துக்குத்தான். இனி முந்நூறு அடி தூரம் நடந்தால் போதும், கடற்கரையும் இல்லை, செல்ஃபியும் இல்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? தோழனையும் ஏத்துங்கோ" என்றார் நமசிவாயம். "முகூர்த்தம் கிட்டுது."

தோழன் கஜீவன் வந்து நின்றான். ஜிம்முக்குப் போகிற உடம்பு. தலைப்பாகையைச் சேர்க்காமலே எண்பத்தைந்து இருப்பான். பாவம், நல்ல பிள்ளை. "மாமா, நான் பக்கத்தில நடந்து வாறன்" என்றான்.

"நீர் சும்மா இரும் தம்பி. மாப்பிள்ளை மேல, தோழன் கீழயோ? ஏறும்."

கஜீவன் குதிரையின் இடுப்பில் கையை வைத்தான். ஹெக்டரின் வாயில் 'சரி' வந்து நின்றது. முப்பத்திரண்டு வருடப் பழக்கம், வெளியே விட்டால் போதும். அப்போது ஜூபிலி கழுத்தைத் திருப்பியது. தை மாதம் பார்த்த அதே பார்வை. கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. இவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தது, அவ்வளவுதான்.

"முடியாது" என்றார் ஹெக்டர்.

"என்ன?"

"முடியாது ஐயா. ஒரு ஆள்தான். ரெண்டு பேர ஏத்தித்தான் இந்த முதுகு ஒருக்கா போனது. செஞ்சது நான். இனி செய்யமாட்டன்."

சொன்ன பிறகு அவருக்கே நம்ப முடியவில்லை. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டார். நமசிவாயத்தின் முகம் சிவந்தது. "இதை முதலே சொல்லியிருக்க வேணும். இப்ப இத்தனை சனத்துக்கு முன்னால தோழனை நடத்திக் கூட்டிக்கொண்டு போறதோ? என்ர வீட்டு மருமகன் அவர்!"

அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. போனில் பாப்பம் என்று இழுத்தது யார்? ஆனால் சொன்ன சொல்லை விழுங்கக் கூடாது, குதிரை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மனுசன் சேர்ட் கையை மடித்துவிட்டார், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தார்.

"தோழன் என்ட முதுகில ஏறட்டும் ஐயா."

இதைக் கேட்டு யாராவது ஓடிவந்து தடுத்தார்கள் என்று நினைக்கிறீர்களா? வெள்ளவத்தையை உங்களுக்குத் தெரியாது. வீடியோக்காரன் "அங்கிள், அப்படியே நில்லுங்க!" என்று கமராவைத் திருப்பினான். நமசிவாயம் மணிக்கூட்டைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "ஏறும் தம்பி" என்றார். கஜீவன் தவித்தான். ஆனால் மாமனாருக்கு முன்னால் அவனும் ஒரு ஹெக்டர்தான். "சரி மாமா" என்று சொல்லி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள்" என்று ஹெக்டரின் காதில் சொல்லி, ஏறினான்.

ஹெக்டர் ஒரு கையில் கடிவாளமும் முதுகில் தோழனுமாக நடந்தார். ஓரடி, ஈரடி. ஏழாவது அடியில் இடுப்பில் 'டக்' என்றது. கஜீவனுக்கே கேட்டது. அவன் பதறிக் குதித்து இறங்கினான். "போதும் மாமா! நான் நடந்துதான் வருவன், நீங்க என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ!" என்று கத்தினான். நமசிவாயம் மேளக்காரரைப் பார்த்து, கொட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். அன்று முடியாது சொன்னவர்கள் இரண்டு பேர்.

ஆனால் ஹெக்டரால் நிமிர முடியவில்லை. குனிந்தது குனிந்தபடியே நின்றுவிட்டது இடுப்பு. கடிவாளத்தை வேறு ஆள் பிடிக்கலாமென்றால் ஜூபிலி அசைய மறுத்தது. வேறு வழியில்லாமல் அப்படியே நடந்தார், தரையையும் குதிரையின் நாலு குளம்பையும் பார்த்துக்கொண்டு. ஒவ்வோர் அடிக்கும் கண்ணில் பூச்சி பறந்தது. ஜூபிலி தன் நடையை அவர் நடைக்குக் குறைத்துக்கொண்டது. மண்டபத்து வாசலில் நின்ற பெண்கள், "பாத்தியளே, கொட்டாஞ்சேனை ஆளெண்டாலும் மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை, கோயிலடியிலேயிருந்து குனிஞ்சபடி வாறார்" என்றார்கள். வீடியோவிலும் அப்படித்தான் இருக்கிறது. கனடாவில் பார்த்த ஆட்கள் எல்லோரும் அந்தக் குனிகிற பெரியவரும் வேண்டும் என்று கேட்கிறார்களாம்.

அபிஷன் இறங்கியதும் ஹெக்டர் குனிந்தபடியே குதிரையின் பக்கம் நகர்ந்து, கையை மட்டும் மேலே நீட்டி அதன் முதுகெலும்போடு விரலை ஓட்டினார். அந்த இடத்தில் அழுத்தினார். ஒன்றுமில்லை. கல்லுப்போல் நின்றது. அங்கேயே, பன்னீர்ச் செம்புக்கும் சந்தனத் தட்டுக்கும் நடுவில், வலியில் பாதியும் சந்தோஷத்தில் பாதியுமாக மனுசன் விம்மினார்.

மறுநாள் அகீலா வந்து குதிரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கும் வந்தாள். ஹெக்டர் தரையில் பாயில் மல்லாந்து கிடந்தார். பொரளை ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நான் மனுசருக்குப் பாக்குற இல்ல. ஆனா அதே இடந்தான் அங்கிள், இடுப்பு எலும்பு." அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆஸ்பத்திரிக்காரங்க என்ன சொன்ன?"

"ஆறு கிழம ஓய்வு" என்றாள் மாக்ரெட். "பொறகு மெல்ல மெல்ல நடை. பொறகு கழுத்தையும் இடுப்பையும் திருப்பிப் பயிற்சி. எல்லாம் எனக்குத் தெரியும், ஆறு மாசமா பாத்துக்கொண்டுதானே இருந்தன். பாரம் தூக்குறது கடைசிக்கும் கடைசி."

ஆறு கிழமை போனது. மாக்ரெட் அவரைச் சுவரோரம் உட்கார வைத்து, ஒரு மீன் ரோல்ஸை அவருடைய இடது விலாவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். "திரும்புங்க. தோளைத் திருப்பாம கழுத்த மட்டும். இன்னும் கொஞ்சம். குதிரை எவ்வளவு நல்லாச் செஞ்சது!" ஹெக்டர் ரோல்ஸை எட்டிப் பிடிக்க முனகினார். ஜன்னலுக்கு வெளியே ஓட்டோக்காரர்கள் நின்று மார்க் போட்டார்கள்.

அப்போது போன் அடித்தது. மாக்ரெட் ரோல்ஸை விடாமல் மற்றக் கையால் போனை அவர் காதில் வைத்தாள். வெள்ளவத்தைக் குரல், கார்த்திகையில் கலியாணம். அந்தக் குனிகிற பெரியவரும் வர வேணும், பிறகு இன்னொரு விசயம், தோழனையும் எப்படியாவது—

"முடியாது" என்றார் ஹெக்டர்.

கழுத்து இன்னும் பாதிதான் திரும்பியிருந்தது. மாக்ரெட் அதற்குமேல் திரும்பச் சொல்லவில்லை. ரோல்ஸை அவர் வாயிலேயே வைத்தாள்.